எதிர்வீட்டு மரக்கன்று

வாசலில் நின்ற கன்று மறுபடியும் இலை உதிர்த்திருந்தது. பல்செட்காரன் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மனைவி பார்ப்பதற்குள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நேற்றைய இலைகளே பையில் இன்னும் இருந்தன.

நிமிர்ந்தான். மாடி ஜன்னலில் மனைவி தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தாள். அவனைப் பார்க்கவில்லை. அவனுடைய கன்றையும் பார்க்கவில்லை. எதிர்வரிசையில், நீச்சல் மாஸ்டர் வீட்டு முன்னால் நின்ற கன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டரோட கன்னு எப்படி மதமதன்னு நிக்குது பாருங்க," என்றாள்.

பார்த்தான். நின்றது. அதன் பக்கத்தில் மாஸ்டரும் நின்றார், ஈரத் தலையோடு, கையில்லாத பனியனில். அவள் சொன்னது கன்றை மட்டும்தானா என்று அன்று பகல் முழுக்க யோசித்தான். அந்த யோசனையில் மேல்தாடைக்கு வைக்க வேண்டிய பல்வரிசையைக் கீழ்த்தாடை அச்சில் வைத்துவிட்டான்.

அவன் தொழிலில் அப்படி நடக்கக் கூடாது. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்து வீட்டின் முன்னறையிலேயே பல்செட் செய்கிறவன். மெழுகு, பிளாஸ்டர், மெல்லிய எஃகுக் கம்பி, ஒரு சின்ன அரவை மெஷின். ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு அவன் மேஜையில்தான் பிறந்தது. தனக்கென்று ஒன்று செய்துகொள்ள மட்டும் அவனுக்கு நேரம் வாய்த்ததில்லை.

விஷயம் இதுதான். அவன் மனைவி ஊர் சைக்கிள் குழுவின் செயலாளர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் குழு, தெருவில் வீட்டுக்கொரு கன்று நட்டது. எல்லோரும் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். போட்டோக்கள் இன்றும் பச்சையாக இருக்கின்றன. கன்றுகள்தான் ஒவ்வொன்றாகக் குச்சியாகிப் போயின. மிஞ்சியது இரண்டே இரண்டு, பல்செட்காரன் வாசலில் ஒன்று, எதிரே மாஸ்டர் வாசலில் ஒன்று.

அதனால் இந்த வருஷம் குழு ஒரு சைக்கிள் பயணம் ஏற்பாடு செய்தது. மரம் நடுவது பெரிதல்ல, நட்ட பிறகு மூன்று வருஷம் பார்த்துக்கொள்வதுதான் பெரிது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போவது. கிடைக்கும் நன்கொடையில் இளம் கன்றுகளுக்குத் தண்ணீர் வண்டியும் வேலியும். முன்னால் ஓர் இரட்டைச் சைக்கிள் போகும். ஒரே வண்டியில் இரண்டு சீட்டு, நான்கு பெடல். முன் சீட்டில் செயலாளர். பின் சீட்டில், மிஞ்சிய கன்றுகளில் எது நன்றாக வளர்ந்திருக்கிறதோ அதை வளர்த்தவர்.

இதை அவள் சாப்பிடும்போது சொன்னாள். கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"தோத்தவங்க?" என்று சாதாரணமாகக் கேட்டான்.

"ரோட்டோரமா நின்னு கை தட்டலாம்."

அவனுக்குக் கற்பனை கொஞ்சம் குறைவு. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அது குதிரை போல ஓடியது. ஊர் முழுக்க, கடைத்தெரு, பாலம், பள்ளிக்கூடம் எல்லாம் தாண்டி மாஸ்டர் அவன் மனைவியின் முதுகைப் பார்த்தபடியே போவதைப் பார்த்தான். இறக்கத்தில் இருவரும் சேர்ந்து சிரிப்பதைப் பார்த்தான். ஏற்றத்தில் மாஸ்டர் ஒருவரே மிதிப்பதையும் அவள் திரும்பிப் பார்த்து நன்றி சொல்வதையும் பார்த்தான்.

மாஸ்டருக்கு ஆறடி உயரம். தோள் கதவு அகலம். பல்செட்காரன் அவர் நெஞ்சு வரை வருவான். அவனை அவர் 'பிரதர்' என்று கூப்பிடுவார். அவன் மனைவியை 'செகரட்டரி' என்பார். அங்கேதான் அவனுக்கு உறுத்தியது. என்னைப் பிரதர் என்கிறவன் என் பெண்டாட்டியை அண்ணி என்பதுதானே முறை. அண்ணி என்றால் அது ஒரு வேலி. செகரட்டரி என்பதில் என்ன வேலி இருக்கிறது?

கல்யாணமான புதிதில் அவள் ஞாயிற்றுக்கிழமை தோறும் அவனை சைக்கிளுக்குக் கூப்பிடுவாள். கீழ்த்தாடை ஒன்று காய்ந்துகொண்டிருக்கிறது, மேல்தாடை ஒன்று அவசரம் என்று அவன் சொல்லுவான். பிறகு அவள் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். அது வசதியாக இருந்தது. இப்போது அந்தப் பின் சீட்டு தனக்கு வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல வழியில்லை. கன்றை வளர்த்துத்தான் வாங்க வேண்டும்.

மறுநாளே தொடங்கினான். காலையில் இரண்டு வாளி, மாலையில் இரண்டு வாளி. கன்றுக்குத் தாகம் இருந்ததோ இல்லையோ, அவனுக்கு இருந்தது. கொஞ்ச நாளில் வாசல் சேறாகி ஒரு தவளை குடிவந்தது. இலை மஞ்சளித்தது.

சத்துப் போதவில்லை என்று முடிவு செய்தான். உரம் வாங்கி வந்தான். ஒரு கைப்பிடி போதும் என்று கடைக்காரர் சொன்னது அவனுக்குக் கஞ்சத்தனமாகப் பட்டது. மூட்டையைக் கவிழ்த்தான். இலை நுனிகள் அடுப்பில் காட்டியதுபோலக் கருகின.

காற்றடித்தால் ஆடுகிறதே, அதுதான் அதை அலைக்கழிக்கிறது என்று அடுத்துத் தோன்றியது. ஆடுகிற எதையும் நிறுத்துவது அவனுக்குக் கைவந்த கலை. பக்கத்தில் கழி ஊன்றி, பல்லைக் கவ்வ வைக்கும் எஃகுக் கம்பியால் தண்டை அதோடு சேர்த்து இறுக்கினான். முறுக்கி, திருகி, நுனியைக்கூட உள்ளே மடித்துவிட்டான். அப்படியும் மனம் கேட்காமல், அடியில் பிளாஸ்டர் கரைத்து ஊற்றி வெள்ளைவெளேரென்று ஒரு கழுத்துப்பட்டை போட்டான். வழவழப்பாக வந்திருந்தது. எந்த டாக்டரும் குறை சொல்ல முடியாது.

மனைவி சைக்கிளை உள்ளே எடுத்து வரும்போது நின்று பார்த்தாள்.

"ஏங்க, இதுக்குப் பல்லு வலியா?"

"ஆடிச்சு. அதான்."

"காத்துன்னா ஆடத்தான் செய்யும்," என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் திரும்பினாள். "மாஸ்டர் எப்படித்தான் வளர்க்கிறாரோ. கை ராசி போல."

கை ராசி. அந்தக் கை என்ன கை? நீச்சல் குளத்தில் குழந்தைகளைத் தள்ளிவிடுகிற கை.

அன்று பல்செட்காரன் ஒரு முடிவுக்கு வந்தான். நம் கன்றை ஏற்ற முடியவில்லை என்றால் எதிர்வீட்டுக் கன்றை இறக்க வேண்டியதுதான். கெடுவான் கேடு நினைப்பான் என்று அவனுக்கும் தெரியும். அதெல்லாம் ஓய்ந்த நேரத்தில் நினைக்க வேண்டிய பழமொழி.

மாஸ்டர் விடிவதற்கு முன்பே குளத்துக்குப் போய்விடுவார். அந்த நேரத்தில் தெருவைக் கடந்தான். கிட்டப் போய்ப் பார்த்தால் அங்கேயும் கட்டுமானம் பலமாகத்தான் இருந்தது. நீந்தத் தெரியாதவர்களுக்கு இடுப்பில் மாட்டும் மிதவை வார்களால் கன்றை ஒரு தடிக்கம்போடு சேர்த்துக் கட்டியிருந்தார். இதனால்தானே நேராக நிற்கிறாய் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டு, கம்பி வெட்டும் கட்டரால் வார்களை நறுக்கினான். ஒரு காற்று வந்தால் போதும்.

காற்று வந்தது. ராத்திரி முழுக்க ஊளையிட்டது. விடிந்ததும் ஆசையோடு ஜன்னலுக்கு ஓடினான். எதிர்வீட்டுக் கன்று ஆடிக்கொண்டிருந்தது, ஆடிவிட்டு நிமிர்ந்தது. அவன் கன்று ஆடவில்லை. கம்பி கட்டிய இடம்வரை கம்பீரமாக நின்றது. அதற்கு மேலே பாதி முறிந்து தொங்கியது.

மாஸ்டர் சாலையைக் கடந்து வந்து துக்கம் விசாரித்தார். தன் வார்களும் அறுந்துவிட்டதாகச் சொன்னார். குளோரின் தண்ணீரில் ஊறிய ரப்பர் இற்றுப்போயிருக்கும், அதனால் கம்பையும் பிடுங்கிப் போட்டுவிட்டேன் என்றார். பிறகு பல்செட்காரன் தோளில் கை வைத்து, கவலைப்படாதீங்க பிரதர் என்றார். தோள் இரண்டு நாள் வலித்தது.

அடுத்து சருகு. மாஸ்டர் தன் கன்றின் அடியில் இலைச்சருகை முழங்கால் உயரத்துக்கு, தண்டோடு ஒட்டிக் குவித்து வைத்திருந்தார். குளிராமல் இருக்கப் போர்வையோ என்னவோ. ஒருநாள் விடியலில் பல்செட்காரன் அதைப் பிளாஸ்டர் சாக்கில் வாரினான். உள்ளே தண்டு ஈரமாக, வெளுத்துப்போய், புழு நெளிய இருந்தது. போர்வையை உருவிவிட்டோம், இனி நடுங்கட்டும் என்று திருப்தியோடு திரும்பினான். சாக்கை என்ன செய்வது என்று தெரியவில்லை. குப்பையில் போட்டால் மாஸ்டர் கண்ணில் படும். தன் கன்றைச் சுற்றியே கொட்டி, பிளாஸ்டர் தெரியாமல் குவித்துவிட்டான். இரண்டே நாளில் அதில் எறும்பு வந்தது. தவளை வீட்டைக் காலி செய்துவிட்டது.

எதிர்வீட்டுக் கன்று நடுங்கவில்லை. தண்டு தடித்தது. பட்டை காய்ந்து கருத்து இறுகியது. கொழுந்து விட்டது.

"மாஸ்டர் என்னதான் பண்றார்னு புரியல," என்றாள் மனைவி, ஜன்னலில் நின்றபடி.

"எனக்கும் அதான் புரியல," என்றான் அவன். அந்த வாரத்தில் அவன் மனைவியிடம் பேசிய ஒரே உண்மை அதுதான்.

இனி நேரடித் தாக்குதல்தான். எதிர்வீட்டுக் கன்றின் உச்சி கவட்டைபோல இரண்டாகப் பிரிந்து வளர்ந்திருந்தது. இரண்டில் ஒன்றை வெட்டிவிட்டால் கன்று அரை ஆள். நெட்டைக் கிளையைத்தான் வெட்ட நினைத்தான், கை எட்டவில்லை. எட்டியது பக்கத்தில் இருந்த சோனிக் கிளை. சரி, கிடைத்தவரை லாபம் என்று அதை வெட்டினான். வெட்டிய இடம் பிசிறாக இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு வர அவனால் முடியவில்லை. செய்வது அக்கிரமம்தான், அதற்காக வேலை அசிங்கமாக இருக்கலாமா? பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து, பல்செட்டின் ஓரத்தைச் சீர்செய்வதுபோல மழமழவென்று செதுக்கினான். விரலால் தடவிப் பார்த்தான். நாக்கு பட்டால்கூட உறுத்தாது.

அப்படித் தடவிக்கொண்டிருக்கும்போதுதான் பின்னால் வெளிச்சம் விழுந்தது. நீச்சல் கண்ணாடியை மறந்துவிட்டு மாஸ்டர் திரும்பி வந்திருந்தார். பல்செட்காரன் வெட்டிய கிளையைச் சட்டைக்குள் செருகினான். ஒரு கை இன்னும் கன்றைக் கட்டிக்கொண்டிருந்தது.

"என்ன பிரதர், இந்த நேரத்துல?"

"சும்மா. உங்க கன்னைப் பார்த்துக் கத்துக்கலாம்னு."

மாஸ்டர் நெகிழ்ந்துவிட்டார். கையைப் பிடித்துக் குலுக்கினார். சட்டைக்குள் இருந்த கிளை விலாவில் குத்தியது. பல்செட்காரன் சிரித்தான். எது வேண்டுமானாலும் கேளுங்கள், தயங்காதீர்கள் என்று சொல்லிவிட்டு மாஸ்டர் போனார். போனவர் சும்மா இருக்கவில்லை.

"மாஸ்டர்கிட்டப் பாடம் கேட்கப் போனீங்களாமே," என்றாள் மனைவி, தட்டில் பரிமாறிக்கொண்டே. "குழுவுல எல்லார்கிட்டயும் சொல்லிச் சந்தோஷப்பட்டார். எவ்வளவு பெரிய மனசு அவருக்கு."

அவன் மென்றான். என்ன மென்றான் என்று அவனுக்கே தெரியாது.

அதற்குப் பிறகு அவன் எதையும் தொடவில்லை. தோல்வியை ஒப்புக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்துவிட்டான். எதிரே அந்தக் கன்று ஒற்றை உச்சியோடு அம்புபோல மேலே போய்க்கொண்டிருந்தது. மாஸ்டர் வீட்டு ஜன்னலைத் தாண்டியது. இங்கே பாதி முறிந்த குச்சி, கம்பிக் கட்டும் பிளாஸ்டரும் சருகுமாக, ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி வந்த நோயாளிபோல நின்றது.

பயண நாள் வந்தது. பச்சைச் சட்டையும் ஹெல்மெட்டுமாகத் தெரு நிறைந்தது. ஓரமாக இரட்டைச் சைக்கிள் நின்றது. சைக்கிள் கடைக்காரர் குந்தி உட்கார்ந்து அதற்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். கன்றுகளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல நாற்றுப்பண்ணை நடத்தும் ஓர் அம்மாள் வந்திருந்தார். கூட்டம் அவர் பின்னால் நகர்ந்தது.

முதலில் பல்செட்காரன் கன்று. அம்மாள் காலால் சருகை விலக்கினார். பிளாஸ்டர் தெரிந்தது. நிமிர்ந்து கம்பியைப் பார்த்தார். பட்டைக்குள் அது பதிந்து போயிருந்தது. யாருடையது என்று கேட்டார். பல்செட்காரன் கையைத் தூக்கினான், பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோல.

"இன்னும் உயிரோட இருக்கு, தம்பி," என்றார் அம்மாள். "அதுவே பெரிய விஷயம்."

கூட்டம் சிரித்தது. மனைவி சிரிக்கவில்லை. அது அவனுக்கு இன்னும் வலித்தது.

பிறகு எதிர்வீடு. அம்மாள் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அடியில் குனிந்து பார்த்தார். கழுத்தை வளைத்து உச்சியைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது. திரும்பி எல்லோருக்கும் விளக்கினார். சரியான நேரத்தில் கட்டை அவிழ்த்திருக்கிறார்கள், காற்றில் ஆடி ஆடித்தான் தண்டு தடிக்கும். சருகைத் தண்டோடு ஒட்டாமல் விலக்கியிருக்கிறார்கள், இல்லையென்றால் அழுகியிருக்கும். இரண்டு உச்சியில் சோனியை எடுத்துவிட்டு நல்லதை விட்டிருக்கிறார்கள், அப்படிச் செய்யாவிட்டால் பின்னால் ஒருநாள் மரம் நடுவில் பிளந்துவிடும்.

"இந்த வெட்டைப் பாருங்க. என்ன சுத்தம். இத்தனை வருஷத்துல நான்கூட இப்படி வெட்டினதில்ல." மாஸ்டரைப் பார்த்தார். "எங்க சார் கத்துக்கிட்டீங்க?"

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். அவரிடம் ஒரு குறை இருந்தது. பொய் சொல்ல வராது.

"நான் ஒண்ணும் பண்ணலைங்க. தண்ணி ஊத்தினேன், அவ்வளவுதான். வார் அதுவா அறுந்துது. சருகு ஒருநாள் காணாமப் போச்சு. கிளை போனதே எனக்கு இப்பதான் தெரியும்."

"அதுவா போகாது சார். யாரோ விஷயம் தெரிஞ்சவங்க வந்து பார்த்துக்கிட்டிருக்காங்க."

யார், யார் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பல்செட்காரன் முதலில் பின்வாங்கினான். ஹெல்மெட்டுகளுக்கு நடுவே தலையை மறைத்துக்கொண்டான். அப்படி மறைந்து நின்றபோதுதான் அவன் கண்ணில் அந்தக் காலியான பின் சீட்டு பட்டது. வளர்த்தவருக்கு அந்தச் சீட்டு. அப்படியானால் வளர்த்தது யார்?

வாயைத் திறந்தால் திருடன். திறக்காவிட்டால் மாஸ்டர் ஏறிவிடுவார். கால் அவனைக் கேட்காமலே முன்னால் போனது.

"நான்தான்," என்றான்.

எல்லாத் தலையும் திரும்பின. மாஸ்டருக்குத்தான் முதலில் உறைத்தது. அன்று விடியற்காலை கன்றைக் கட்டிக்கொண்டு நின்றாரே என்று கூட்டத்துக்குச் சொன்னார். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அம்மாள் கேட்டார். பல்செட்காரன் தொண்டையைச் செருமினான்.

"தெருவுல மிஞ்சினதே ரெண்டுதான். என்னோடது தேறாதுன்னு தெரிஞ்சுபோச்சு. இதாவது பிழைக்கட்டும்னு நினைச்சேன். சொல்லிக்கிட்டுச் செய்யறதுல என்ன இருக்கு."

பொய் மெழுகுபோல வழுக்கிக்கொண்டு வந்தது. எந்த அச்சில் ஊற்றினாலும் உட்கார்ந்திருக்கும். அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாஸ்டர் அவனைக் கட்டிப் பிடித்துத் தரையிலிருந்து தூக்கினார். அந்த உயரத்திலிருந்து பல்செட்காரன் தெரு முழுவதையும் பார்த்தான். எல்லோரும் கைதட்டினார்கள், வாயைப் பிளந்தார்கள். ஒருத்தி மட்டும் ஆச்சரியப்படவில்லை. அவன் மனைவி தலையைக் குனிந்து ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே மாட்டியிருந்த வாரை.

"இறக்கிவிடுங்க மாஸ்டர், நேரமாச்சு," என்றாள்.

மாஸ்டர் இறக்கிவிட்டார். இறங்கிய வேகத்தில் பல்செட்காரனுக்குத் தரை தெரியவில்லை. மிதந்துகொண்டு போனான். ரோட்டோரமாக நின்று கைதட்டப் போவது யார் என்று இனித் தெரியும். கடைத்தெரு, பாலம், பள்ளிக்கூடம் எல்லாம் அவன் கண்முன்னால் வரிசையாக வந்தன, இந்த முறை பின் சீட்டில் அவனே இருந்தான்.

மனைவி முன்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அவன் பின் சீட்டைப் பெருமையோடு ஒருமுறை தட்டிப் பார்த்தான். பிறகு தன் கால்களையும் மாஸ்டர் கால்களையும் ஒப்பிட்டுப் பார்த்தான். வென்றவனுக்கு உரிய பெருந்தன்மையோடு சைக்கிள் கடைக்காரரிடம் குனிந்தான்.

"இதை மாஸ்டர் உயரத்துக்கு ஏத்தி வெச்சிருப்பீங்க. கொஞ்சம் இறக்கிக் கொடுங்க."

சைக்கிள் கடைக்காரர் பம்பைக் கீழே வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"எதுக்கு சார்? வண்டி வந்த அன்னைக்கே அக்கா உங்க பேண்ட்டைக் கொண்டுவந்து அளவு கொடுத்தாங்க, இறக்கி வெச்சாச்சு. 'மாஸ்டரைக் கொஞ்சம் புகழ்ந்து வெச்சாப் போதும், தானா வந்து ஏறிக்குவார்'னு அப்பவே சொன்னாங்களே."